கிரியேட்டினின் 1.1: ஒரே இரத்தம், ஆறு விடைகள்

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, 45 கிலோ எடை, சைவம். கிரியேட்டினின் 1.1 என்று வந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் போட்டிருக்கும் நார்மல் வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழேயே, சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைச் சொல்லும் இஜிஎஃப்ஆர் 57 என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. அதே வாரம் இன்னொரு லேபில் பார்த்தோம். அங்கேயும் கிரியேட்டினின் 1.1, ஆனால் இஜிஎஃப்ஆர் 54. அமெரிக்காவில் இருக்கும் தம்பி, "இதெல்லாம் வெள்ளைக்காரர்களை வைத்துப் போட்ட கணக்கு, கறுப்பினத்தவருக்கு வேறு கணக்கு, நமக்கும் வேறாகத்தான் இருக்கும்" என்கிறான். இனத்துக்கு இனம் சிறுநீரகம் மாறுமா? எந்த எண்ணை நம்புவது?

பதில்:

இரண்டு லேபும் தப்புச் செய்யவில்லை. முதல் லேப் 2021-இல் வந்த சூத்திரத்தைப் போட்டிருக்கிறது, இரண்டாவது லேபின் மென்பொருளில் 2009-ஆம் ஆண்டுச் சூத்திரம் இருக்கிறது. நீங்கள் சொன்ன வயதையும் கிரியேட்டினினையும் வைத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன், 57-ம் 54-ம் சரியாக வருகின்றன. உயிர்வேதியியல் ஆய்வகத்தில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, கவுண்டரிலேயே நின்று யாராவது இதே கேள்வியைக் கேட்காத வாரம் இல்லை. தம்பி சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கிரியேட்டினின் சிறுநீரகத்தில் உண்டாகும் பொருள் இல்லை. தசையிலுள்ள கிரியேட்டின் தானாக உடைந்து உண்டாகிற கழிவு அது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ளுகிறது. ஆக, இரத்தத்தில் எவ்வளவு கிரியேட்டினின் நிற்கிறது என்பது இரண்டு விஷயத்தைப் பொறுத்தது: தசை எவ்வளவு கொட்டுகிறது, சிறுநீரகம் எவ்வளவு அள்ளுகிறது. நமக்கு வேண்டியது இரண்டாவது மட்டும்தான். ஆனால் கையில் கிடைப்பது இரண்டும் கலந்த ஒரு எண். அதனால்தான் வயதையும் பாலினத்தையும் சேர்த்துச் சூத்திரம் போடுகிறோம். அவை இரண்டும் தசையின் அளவுக்கு ஒரு குத்துமதிப்பு. 30 வயது ஆணுக்கு இதே 1.1 இருந்தால் இஜிஎஃப்ஆர் 93, கவலையே இல்லை. உங்கள் அம்மாவுக்கு 57. இரத்தத்தில் இருப்பது ஒரே அளவு, அதைக் கொட்டுகிற தசை வேறு.

"இ" என்ற எழுத்துக்குப் பொருள் மதிப்பீடு என்பதுதான். உண்மையான வடிகட்டும் வேகத்தை அளக்க வேண்டுமானால் இனுலின், அயோஹெக்சால் போன்ற ஒரு பொருளை ஊசி மூலம் ஏற்றி, அது எவ்வளவு நேரத்தில் வெளியேறுகிறது என்று பல மணி நேரம் பார்க்க வேண்டும். அதை எல்லாருக்கும் செய்ய முடியாது.

சரி, அம்மாவின் அதே இரத்தத்தை உலகத்தில் புழங்கிய வெவ்வேறு சூத்திரங்களில் போட்டுப் பார்க்கலாம். 2021-இன் சூத்திரத்தில் 57. 2009-இன் சூத்திரத்தில் 54. அதற்கும் முன்னால் இருந்த எம்டிஆர்டி சூத்திரத்தில் 50. அம்மா அமெரிக்காவில் கறுப்பினப் பெண்ணாகப் பிறந்திருந்தால் 2009-இன் கணக்கில் 62, அதாவது, கீழே போய் நீடித்தால் நோய் என்று கொள்ளும் 60 என்ற கோட்டுக்கு மேலே. பாகிஸ்தானில் அந்நாட்டு மக்களை அளந்து திருத்திய கணக்கில் 47. ஜப்பானியர்களுக்கென்று 2009-இல் உருவாக்கிய கணக்கில் 40-ஐ ஒட்டி. ஒரே சொட்டு இரத்தம், 40 முதல் 62 வரை ஆறு விடைகள். இவ்வளவு தூரம் விலகுவது அம்மாவின் சிறுநீரகம் இல்லை, அதைப் பற்றி நாம் போடும் ஊகம்.

இனம் இந்தக் கணக்குக்குள் எப்படி வந்தது? 1999-இல் அமெரிக்காவில் எம்டிஆர்டி சூத்திரம் வெளியானது. சிறுநீரக நோய் உள்ள 1,628 பேரை அளந்து போட்ட கணக்கு அது. அவர்களில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 12 சதவீதம். உண்மையான வடிகட்டும் வேகம் ஒன்றாக இருந்தபோதும் அவர்களுக்குக் கிரியேட்டினின் சராசரியாகக் கொஞ்சம் அதிகம் இருந்தது. தசை அதிகமாக இருக்கும் என்று காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்துக்கு ஆதாரமாகக் காட்டியவை சிறிய, பழைய ஆய்வுகள். கறுப்பினத்தவர் என்றால் விடையைப் பெருக்கு என்று சூத்திரத்தில் ஒரு வால் சேர்ந்தது; பரவலாகப் புழங்கிய எளிய வடிவில் அந்தப் பெருக்கல் 1.212. 2009-இல் வந்த சூத்திரத்தில் அது 1.159 ஆனது. லேப் ரிப்போர்ட்டில் இரண்டு வரி அச்சானது: கறுப்பினத்தவர் என்றால் இந்த எண், இல்லையென்றால் அந்த எண். தம்பி சொல்வது இதைத்தான்.

இதன் விளைவை ஒரு உதாரணத்தில் காட்டுகிறேன். 50 வயது ஆண்கள் இரண்டு பேர், இருவருக்கும் கிரியேட்டினின் 3.6. எம்டிஆர்டி கணக்கில் வெள்ளையருக்கு 18, கறுப்பினத்தவருக்கு 22. அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலத்தை 20-இல் அல்லது அதற்குக் கீழே வந்த பிறகுதான் எண்ணத் தொடங்குவார்கள். முதலாமவருக்குக் கடிகாரம் இன்றே ஓடத் தொடங்குகிறது. இரண்டாமவர் தன் சிறுநீரகம் இன்னும் கெட்டுப்போகும்வரை காத்திருக்க வேண்டும். அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 13 சதவீதம் அளவுதான், ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு அவர்கள். யாருக்குச் சிகிச்சை முந்திக் கிடைக்க வேண்டுமோ அவர்களையே அந்தப் பெருக்கல் பின்னால் தள்ளியது. இதை எழுதும்போது இன்றும் எனக்கு மனம் ஒப்பவில்லை. கெட்ட எண்ணத்தோடு யாரும் செய்ததில்லை, சூத்திரம் போட்டவர்கள் நல்ல ஆய்வாளர்கள். ஆனால் கருவியில் தட்டுகிற ஒரு எண்ணுக்குப் பின்னால் எத்தனை வருடக் காத்திருப்பு இருக்கிறது என்று லேபில் இருக்கிற நாங்களும் யோசிக்கவில்லை.

பாஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனை 2017-இலேயே அந்த வாலை வெட்டியது. 2020-இல் மருத்துவ மாணவர்கள் பல ஊர்களில் கேள்வி எழுப்பினார்கள். அமெரிக்காவின் தேசிய சிறுநீரக அறக்கட்டளையும் சிறுநீரக மருத்துவர் சங்கமும் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. 2021 செப்டம்பரில் இனம் இல்லாத புதிய சூத்திரம் வந்தது. இப்போது முதல் லேபில் உங்களுக்கு 57 கொடுத்தது அதுதான். 2022-இல் உறுப்பு ஒதுக்கீட்டு அமைப்பு இனம் சேர்த்த கணக்கைத் தடை செய்தது. 2023 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே போய், பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுத்து, தவறாகப் பின்தள்ளப்பட்ட கறுப்பின நோயாளிகளின் காத்திருப்புக் காலத்தைத் திருத்தச் சொன்னது. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்துக்குள் 14,000 பேருக்கு மேல் திருத்தம் கிடைத்தது. சராசரியாக ஆளுக்கு இரண்டு வருடம்.

அப்படியானால் இனத்தால் வித்தியாசமே இல்லை என்று அர்த்தமா? அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. 2021-இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில் உடலமைப்பு, உணவு எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். அப்போதும் கிரியேட்டினினில் அந்த வித்தியாசம் முழுதாக மறையவில்லை. காரணம் இன்றுவரை சரியாகப் பிடிபடவில்லை. ஆனால் அதே ஆட்களிடம் சிஸ்டேட்டின் சி என்ற வேறொரு பொருளை அளந்தபோது இனம் என்ற கட்டமே தேவைப்படவில்லை. வித்தியாசம் வடிகட்டியில் இருந்திருந்தால் இரண்டு அளவுகோலிலும் தெரிந்திருக்க வேண்டும். கிரியேட்டினினில் மட்டும் தெரிகிறதென்றால், அது பெரும்பாலும் கிரியேட்டினினின் குணம்.

ஆப்பிரிக்காவில் போய் அளந்தவர்கள் இன்னும் தெளிவாகச் சொன்னார்கள். ஐவரி கோஸ்ட், காங்கோ, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் அந்த அமெரிக்கப் பெருக்கலைப் போட்டால் விடை மேலும் தப்பானது, போடாமல் விட்டால் உண்மைக்குக் கிட்டே வந்தது. சிகாகோவில் வாழும் ஒருவரின் உடம்பில் இருந்து எடுத்த எண்ணைத் தோல் நிறத்தை மட்டும் பார்த்துக் கின்ஷாசாவுக்குக் கொண்டுபோனால் வேறென்ன நடக்கும்?

ஆசியாவிலும் இதே கதைதான். ஜப்பானில் திருத்திய எண் விடையைக் குறைத்தது. சீனாவில் முதலில் திருத்திய எண் விடையைக் கூட்டியது. இருவரும் அமெரிக்கப் படிவத்தில் "ஆசியர்" என்ற ஒரே கட்டத்துக்குள் வருகிறவர்கள். அளந்த முறை, கிரியேட்டினின் கருவியைச் சீர்செய்த விதம், ஆய்வுக்கு வந்தவர்கள் என எல்லாமே வேறுபட்டன. சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரையும் ஒரே இடத்தில் ஒரே கருவியில் அளந்தபோது இனத்துக்கென்று தனித் திருத்தம் தேவைப்படவில்லை.

இப்போது நம் கதைக்கு வருவோம், உங்கள் அம்மாவுக்கு இதுதான் முக்கியம். ஒரே எடையுள்ள ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் இந்தியரின் உடம்பில் கொழுப்பு கூடுதல், தசை குறைவு. பார்க்க ஒல்லியாக இருந்தாலும் வயிற்றில் கொழுப்பு இருக்கும், தொடையிலும் புஜத்திலும் சதை இருக்காது. இதோடு சாப்பாடு வேறு. சமைத்த இறைச்சியில் இருக்கும் கிரியேட்டின் கொதியில் கிரியேட்டினினாக மாறி நேராக இரத்தத்தில் சேரும். இரவு மட்டன் குழம்பு ஒரு பிடி பிடித்துவிட்டு அடுத்த நாள் காலையில் இரத்தம் கொடுக்க வருகிறவருக்குக் கொஞ்சம் ஏற்றிக் காட்டக்கூடும். ஜிம்முக்குப் போகும் பையன்கள் குடிக்கும் கிரியேட்டின் பவுடரும் அப்படித்தான். சைவம் சாப்பிடுகிறவருக்கு அந்த வரவு இல்லை.

அதனால் 45 கிலோ எடையுள்ள, சைவம் சாப்பிடும், 62 வயதுப் பெண்ணிடம் தசை கொட்டுகிற கிரியேட்டினினே கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் அள்ள முடியாமல் இரத்தத்தில் 1.1 நிற்கிறது என்றால், சிறுநீரகத்தின் உண்மையான வேகம் 57-ஐ விடக் குறைவாக இருக்கும் வாய்ப்புதான் அதிகம். பாகிஸ்தான் கணக்கில் 47 வந்ததன் காரணமும் பெரும்பாலும் இதுவே. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 2021-இன் சூத்திரத்தில் இனத்தை எடுத்தபோது எல்லாருக்கும் பொதுவான ஒரு நடுக்கோடு போட்டார்கள். அதில் கறுப்பினத்தவர் அல்லாதவர்களுக்கு விடை கொஞ்சம் உயர்ந்தது. அமெரிக்காவுக்கு அது நியாயம். நமக்கு ஏற்கெனவே கூட்டிக் காட்டிய எண்ணை இன்னும் மூன்று புள்ளி கூட்டிவிட்டது. 54 எப்படி 57 ஆனது என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. சிறுநீரகத் தானம் கொடுக்க வரும் ஆரோக்கியமான இந்தியர்களிடம் நேரடியாக அளந்தபோது வேகம் 80-ஐ ஒட்டியே இருந்தது. மேலைநாட்டுப் புத்தகத்தில் இளைஞர்களுக்கு 100-க்கு மேல், 120 என்றெல்லாம் இருக்கும். உணவில் புரதம் குறைவு என்பது ஒரு காரணம், புரதம் கூடினால் வடிகட்டியின் வேகமும் கூடும். அதனால் நம்மிடம் எண் கொஞ்சம் இறங்கியிருந்தாலே நோய் என்று முத்திரை குத்தவும் கூடாது.

நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வார்டில் இருந்து ஒரு பாட்டியின் இரத்தம் வந்தது. 70 வயது, 38 கிலோ, இடுப்பு எலும்பு முறிந்து மாதக் கணக்கில் படுக்கை. கிரியேட்டினின் 0.9. எங்கள் கருவி 69 என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது. சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய ஒரு ஆன்டிபயாட்டிக்கை முழு அளவில் போடலாமா என்று வார்டு டாக்டர் போனில் கேட்டார். நான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். போர்வைக்கு வெளியே தெரிந்த கால், என் முன்கை அளவுக்குத்தான் இருந்தது. அந்தக் காலில் இருந்து எவ்வளவு கிரியேட்டினின் வந்துவிடும்? சிஸ்டேட்டின் சி பார்க்கச் சொன்னேன். 1.6 வந்தது, கணக்கில் 37. தைராய்டு சரியாக இருந்தது, ஸ்டீராய்டு எதுவும் போகவில்லை, ஆக அந்த எண்ணை நம்பலாம். மருந்தின் அளவை மாற்றினார்கள். எந்த இனப் பெருக்கலும் 69-ஐ 37 ஆக்கியிருக்காது. அந்தப் பாட்டியின் கால்தான் விஷயத்தைச் சொன்னது.

சிஸ்டேட்டின் சி என்பது உட்கரு உள்ள எல்லா செல்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுரக்கும் ஒரு சின்னப் புரதம். தசையோடும் இறைச்சியோடும் அதற்குப் பெரிய சம்பந்தம் இல்லை. அதற்கும் குறைகள் உண்டு. ஸ்டீராய்டு, தைராய்டுக் கோளாறு, உடல் பருமன், புகைப்பழக்கம், உடம்பில் அழற்சி எல்லாம் அதை நகர்த்தும். விலையும் கிரியேட்டினினைவிடப் பல மடங்கு. இரண்டையும் சேர்த்துப் போடும் கணக்கு, தனித்தனியாகப் போடுவதைவிட உண்மைக்குக் கிட்டே வருகிறது. உலகச் சிறுநீரக வழிகாட்டி அமைப்பான கேடிகோ 2024-இல் அதையே பரிந்துரைத்தது.

இனி, பரம்பரையில் நிஜமாகவே வித்தியாசம் இருக்கும் ஒரு இடம். ஏபிஓஎல்1 என்ற மரபணுவில் இரண்டு மாறுபாடுகள் இருப்பதை 2010-இல் கண்டுபிடித்தார்கள். ஆப்பிரிக்கத் தூக்க நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியைக் கொல்ல அவை உதவுகின்றன, அதனால்தான் தலைமுறை தலைமுறையாக நிலைத்தன. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாறுபாடு வந்து சேர்ந்தால் சிறுநீரக நோய் வரும் ஆபத்து பல மடங்கு கூடுகிறது. கறுப்பின அமெரிக்கர்களில் சுமார் 13 சதவீதம் பேர் அப்படி இருக்கிறார்கள், அவர்களிலும் பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா, இக்போ மக்களிடம் இந்த மாறுபாடு அதிகம். எத்தியோப்பியரிடம் ஏறத்தாழ இல்லவே இல்லை. ஆனால் படிவத்தில் இவர்கள் எல்லாரும் ஒரே கட்டத்தில் டிக் போடுகிறவர்கள். மரபணுவைப் பார்க்க முடிகிற காலத்தில் தோலைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை என்பதுதான் என் கருத்து.

பிறப்பில் வரும் வித்தியாசம் எல்லாம் மரபணுவில் வருவதும் இல்லை. சிறுநீரகத்தின் வடிகட்டிகளான நெஃப்ரான்கள் தாயின் வயிற்றில், 36 வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடும். அப்புறம் ஒன்றுகூடப் புதிதாக வராது. சிலருக்கு ஒரு சிறுநீரகத்தில் இரண்டு லட்சம், சிலருக்கு இருபது லட்சம். எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்கு எண்ணிக்கையும் குறைவு. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடம் மற்றவர்களைவிடச் சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்ததைப் பிரேதப் பரிசோதனையில் எண்ணியே பார்த்திருக்கிறார்கள். அந்த மக்களிடம் சிறுநீரகச் செயலிழப்பு மிக அதிகம். இதை இனக் குணம் என்று எழுதிவைத்தால், கர்ப்பிணிக்குக் கிடைக்காத சாப்பாடு கணக்கில் இருந்து மறைந்துபோகும். இந்தியாவிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை 2.5 கிலோவுக்குக் கீழேதான் பிறக்கிறது.

சரி, அம்மாவுக்கு என்ன செய்வது? முதலில், ஒரு தடவை பார்த்த எண்ணை வைத்து நாள்பட்ட நோய் என்று யாரும் முடிவு கட்டக்கூடாது. மூன்று மாதம் நீடித்தால்தான் அந்தப் பெயர். அதே லேபில், அதே முறையில், முந்தைய நாள் சாப்பாட்டைப் பெரிதாக மாற்றாமல் திரும்பப் பாருங்கள். லேபை மாற்றினால் சூத்திரமும் மாறுகிறது என்பதை இப்போதே பார்த்துவிட்டீர்கள். கிரியேட்டினின் எண்ணை மட்டும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். பழைய ரிப்போர்ட்டுகள் பீரோவில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் 0.7 இருந்து இப்போது 1.1 என்றால், "நார்மல்" என்று அச்சாகியிருந்தாலும் அது பெரிய சரிவு. அப்போதும் 1.0 இருந்தது என்றால் மனம் கொஞ்சம் நிம்மதியாகலாம்.

அதைவிட முக்கியம், சிறுநீரில் ஆல்புமின், கிரியேட்டினின் விகிதம் பார்க்கச் சொல்லுங்கள். இதைக் கேட்காமல் யாரும் எழுதித் தருவதில்லை என்பது எனக்குத் தீராத குறை. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்கு மேல் போனால், இஜிஎஃப்ஆர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கவனிக்க வேண்டும். ஒல்லியான பெண்ணுக்குச் சிறுநீரிலும் கிரியேட்டினின் குறைவு என்பதால் இந்த விகிதம் கொஞ்சம் ஏறியும் தெரியலாம், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். முடிந்தால் ஒரே ஒரு தடவை சிஸ்டேட்டின் சி. அதை வைத்துப் போடும் இஜிஎஃப்ஆர் 57-ஐ ஒட்டி வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. 45-க்குக் கீழே வந்தால் சிறுநீரக மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம், மருந்து அளவுக்குத் தேவைப்படும். ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் 1.73 சதுர மீட்டருக்கு என்று போட்டிருக்கும். அது 1928-இல் கணக்குக்கு எடுத்துக்கொண்ட, 25 வயது அமெரிக்கர்களின் சராசரி உடல் பரப்பு. அம்மாவின் உயரம் 148 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அவர் உடல் பரப்பு 1.36-தான் வரும். அந்தக் கணக்கில் 57 என்பது அவர் உடம்பில் நிமிடத்துக்கு 45 மில்லிலிட்டர்தான். சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து எதையாவது புதிதாக எழுதும்போது, எடையையும் உயரத்தையும் டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மூட்டு வலிக்கென்று அம்மா மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரை எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து எவ்வளவு நாளாகிறது என்பதையும் எழுதுங்கள், அடுத்த ரிப்போர்ட் வந்ததும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.